போனஸ் கோடும் டீக்கடை போர்டும்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ப்ராஜெக்ட், வைவா, அப்புறம் வைவா முடிந்த தூக்கம் என்று ஒரு மாதம் ஓடிவிட்டது. போன தடவை எழுதிய பரோட்டா கட்டுரைக்கு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள். இன்று வேறு சண்டை. இதில் பாதிக் கோபம் என்மேலேயே எனக்கு இருப்பது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கதை. பத்தாவது படிக்கும்போது சித்தப்பா என்னைச் சேப்பாக்கம் கூட்டிப்போனார். டிவியில் பார்த்தால் பவுண்டரிக் கோட்டுக்குப் பக்கத்தில் கம்பெனி லோகோ ஒன்று அட்டை மாதிரி நிமிர்ந்து நிற்குமே, ஃபீல்டர் ஓடிவந்து அதன்மேல் மோதாமல் எப்படித் தப்பிக்கிறார் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து சந்தேகம். நேரில் போனால் அங்கே எதுவும் நிற்கவில்லை. புல்லின்மேல் பெயிண்ட். அதுவும் இழுத்து நீட்டிய பெயிண்ட். எங்கள் கேலரியிலிருந்து பார்த்தால் என்ன எழுத்தென்றே தெரியவில்லை. "அது நமக்கு வரைஞ்சது இல்லடா, கேமராவுக்கு வரைஞ்சது" என்றார் சித்தப்பா. டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவனுக்குக் கோணல், உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு கேமராவுக்கு மட்டும் நேர்!

அந்த ஒற்றைக் கேமராவின் ராஜ்ஜியத்தை முடிக்க வந்ததுதான் ஃப்ரீ வியூபாயிண்ட் வீடியோ. நினைத்த கோணத்திலிருந்து ஆட்டத்தைப் பார்க்கும் வித்தை. மைதானத்தைச் சுற்றிப் பல கேமராக்களை வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எங்கே பார்க்கிறது என்று முன்பே துல்லியமாக அளந்துவைக்கிறார்கள். எல்லாம் ஒரே கணத்தில் படம் எடுக்கின்றன. பின்னணியிலிருந்து ஆட்டக்காரரின் உருவத்தைக் கம்ப்யூட்டர் வெட்டியெடுக்கிறது. பல பக்கத்திலிருந்து வெட்டிய நிழலுருவங்களைச் சேர்த்து, அந்த ஆளை ஒரு முப்பரிமாணப் பொம்மையாகக் கட்டுகிறது. பொம்மை தயாரானபின், கேமராவே இல்லாத இடத்தில் ஒரு கற்பனைக் கேமராவை வைத்து அங்கிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டுகிறது. பந்தடிப்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கலாம், கோல்கீப்பரின் முட்டிக்குக் கீழிருந்தும் பார்க்கலாம்.

இது நேற்று முளைத்த விஷயம் இல்லை. 2001 ஜனவரியில் டாம்பாவில் நடந்த சூப்பர் பௌல் ஆட்டத்தில் சிபிஎஸ் தொலைக்காட்சி 'ஐவிஷன்' என்று ஒன்றைக் காட்டியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டாகேயோ கனாடே அதன் பின்னால் இருந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட ரோபோ கேமராக்கள். ஆனால் அது புதிய கோணத்தை உருவாக்கவில்லை, கேமராவிலிருந்து கேமராவுக்குத் தாவியது, அவ்வளவுதான். பிறகு இஸ்ரேலின் ரீப்ளே டெக்னாலஜீஸ் வந்தது. அதை 2016ல் இன்டெல் வாங்கி, பெரிய ஸ்டேடியங்களில் 38 கேமராக்கள் வரை மாட்டியது. 2019ல் ஜப்பானில் நடந்த ரக்பி உலகக் கோப்பையில் கேனன் தன் கருவியை இறக்கியது. 2022ல் புரூக்ளின் நெட்ஸ் கூடைப்பந்து அணியின் அரங்கில் 100க்கும் மேற்பட்ட கேமராக்கள்.

இவ்வளவு கேமராவுக்கும், அதிலிருந்து கொட்டும் டேட்டாவை மெல்லும் சர்வர்களுக்கும் யார் காசு கொடுப்பது? இன்டெல் மாதிரி ஒரு யானையே 2021ல் இந்தத் தொழிலை விட்டு விலகிவிட்டது. ஆகவே எல்லோர் கண்ணும் ஒரே இடத்தில் போய் நிற்கிறது. விளம்பரம். அதுவும் மைதானத்தில் இல்லாத, படத்தில் மட்டும் இருக்கிற விர்ச்சுவல் விளம்பரம்.

விர்ச்சுவல் விளம்பரமும் பழசுதான். சாதாரண ஒளிபரப்பில் அதைச் செய்வது பெரிய தலைவலி. கேமரா எவ்வளவு திரும்பியது, எவ்வளவு ஜூம் ஆனது என்று ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கணக்கு வைக்க வேண்டும். அதற்கேற்ப லோகோவைச் சாய்த்து ஒட்ட வேண்டும். குறுக்கே ஆள் ஓடினால் லோகோ அவர் முதுகுக்குப் பின்னால் போக வேண்டும், முதுகின்மேல் ஒட்டிக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க ஐஸ் ஹாக்கியே சாட்சி. 2022 அக்டோபரில் என்ஹெச்எல் தன் தடுப்புப் பலகைகளை டிஜிட்டலாக மாற்றிக் காட்ட ஆரம்பித்தது. பலகை விளம்பரம் ஆட்டத்தின் நடுவிலேயே அசைகிறது, ஆட்டக்காரரின் ஓரத்தைத் தின்கிறது, கண் ஆட்டத்தைவிட்டு விலகுகிறது என்று ரசிகர்கள் கத்தித் தீர்த்தார்கள்.

ஃப்ரீ வியூபாயிண்டில் இந்தத் தலைவலியே கிடையாது. இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம், கொஞ்சம் நின்று படியுங்கள். இங்கே ஆட்டம் ஏற்கனவே முப்பரிமாண உலகமாக மாறிவிட்டது. எந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒரு செவ்வகத்தை அந்த உலகத்தில் நட்டுவைத்து அதன்மேல் லோகோவை ஒட்டினால் வேலை முடிந்தது. யார் முன்னால், யார் பின்னால் என்பதை ஆழக் கணக்கே பார்த்துக்கொள்ளும். எந்தப் பக்கம் சுற்றினாலும் விளம்பரம் கல்லுக்குண்டு மாதிரி அசையாமல் நிற்கும். அதாவது, பழைய ஒளிபரப்பில் விளம்பரம் படத்தின்மேல் ஒட்டிய ஸ்டிக்கர். இங்கே அது ஆட்டக்காரரைப் போலவே அந்த உலகத்தில் வசிக்கும் ஒரு பொருள். ஆட்டக்காரரும் வரையப்பட்டவர், விளம்பரமும் வரையப்பட்டது. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் எதுவும் இல்லை.

"அதனால என்னய்யா? போர்டு அழகா நிக்குது, நல்லதுதானே?" என்று கேட்பவர்களுக்காக எங்கள் ப்ராஜெக்ட் கதை.

நானும் என் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரும் எட்டு மொபைல் போன்களை வைத்து இதே வித்தையை ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாகச் செய்தோம். எடுத்துக்கொண்ட ஆட்டம் கபடி. இடம் சின்னது, ஆட்கள் பதினான்கு பேர், மேட் கல்லூரியிலேயே இருக்கிறது. இரண்டு போன் வாலிபால் கம்பத்தில் கட்டியது, மீதி ஸ்டாண்டில். செஸ் போர்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு மேட் முழுக்க நடந்து கேமராக்களை அளந்தோம். எல்லாப் போனையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர நடுவில் நின்று ஒரு கைதட்டல். :-)

ப்ராஜெக்டுக்கு 'பிசினஸ் பயன்பாடு' என்று ஒரு அத்தியாயம் வேண்டும் என்றார்கள். சரி என்று ஹாஸ்டல் வாசல் டீக்கடையின் போர்டை லாபி ஓரமாக விர்ச்சுவலாக நட்டோம். அதோடு நின்றிருக்கலாம். ரீப்ளேக்கு எந்தக் கோணம் நல்ல கோணம் என்று தானாகத் தேர்ந்தெடுக்க எங்கள் ப்ரோக்ராமில் ஒரு மதிப்பெண் கணக்கு இருந்தது. ரெய்டர் எவ்வளவு தெரிகிறார், பிடிப்பவர்கள் எவ்வளவு தெரிகிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடும். அதில் இன்னொரு வரி சேர்த்தோம்: போர்டு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று பேச்சு வந்தபோது 0.4 என்று தட்டியது இதே விரல்தான்.

அந்த வாரப் பிராக்டீஸ் ஆட்டத்தில் முதலாமாண்டுப் பையன் ஒருவன் போனஸ் எடுக்கப் போனான். எதிரே ஆறு பேர். ஒரு கால் போனஸ் கோட்டை முழுதாகத் தாண்ட வேண்டும், அந்த நேரத்தில் பின்னங்கால் தரையில் படக் கூடாது. தாண்டினேன் என்று அவன், இல்லை என்று பி.டி. சார். ஒரு பாயிண்டில் ஆட்டம் போனது. அடுத்த ஆட்டத்துக்கு அவனை வெளியே உட்காரவைத்தார்கள். நாங்கள் பெரிய மனிதர்கள் மாதிரி, "வெள்ளிக்கிழமை லேபுக்கு வாடா, எங்க சிஸ்டம் சொல்லிடும்" என்றோம்.

வந்தான். கூட இரண்டு நண்பர்கள். ப்ரோக்ராமை ஓடவிட்டோம். கோணம் சுழன்று, தாழ்ந்து, லாபிப் பக்கமாக வந்து நின்றது. டீக்கடை போர்டு திரையில் கால்வாசிக்குப் பளிச்சென்று நிற்கிறது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, காலு தெரியலையே?"

தெரியவில்லைதான். அந்தக் கோணத்தில் கார்னரில் நின்றவனின் தொடை அவன் பாதத்தை மறைத்துக்கொண்டிருந்தது. போர்டு நன்றாகத் தெரியும் கோணத்தை ப்ரோக்ராம் சரியாகத்தான் கண்டுபிடித்தது. நாங்கள் அதற்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தானே! 0.4ஐ 0 ஆக்கி மறுபடி ஓட்டினோம். கோணம் மேலேறிக் கோட்டுக்கு நேராக வந்தது. பாதம் தெரிந்தது. தாண்டியது போலத்தான் இருந்தது. ஆனால் எட்டுப் போன் வைத்துக் கட்டிய பாதம் பிசைந்த மாவு மாதிரி இருக்கும், இரண்டு மூன்று விரல் அகலம் பிழை வரும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றோம். "பரவாயில்லைண்ணே, மொதல்லயே இதக் காட்டிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வைவாவில் வெளியிலிருந்து வந்தவர் எங்களை ரொம்பப் பாராட்டினார். எதற்கு? விளம்பர அத்தியாயத்துக்கு. காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். விளையாட்டு வீடியோவில் விர்ச்சுவல் விளம்பரம் இருப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஃப்ரீ வியூபாயிண்டில் அது மூன்று எல்லைகளைத் தாண்டுகிறது, அல்லது யாரும் தடுக்காவிட்டால் தாண்டும். அந்த மூன்றும் தப்பு என்கிறேன்.

ஒன்று, கோணம். இந்தத் தொழில்நுட்பத்தின் பெயரிலேயே 'ஃப்ரீ' இருக்கிறது. பார்ப்பவனுக்குச் சுதந்திரம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் யார் முழுநேரமும் விரலால் கோணத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கப் போகிறார்கள்? பெரும்பாலும் மெஷினோ ஆபரேட்டரோ தேர்ந்தெடுத்த கோணத்தைத்தான் பார்ப்போம். அந்தத் தேர்வில் விளம்பரத்துக்கு ஒரு ஓட்டு கொடுத்துவிட்டால் அப்புறம் சுதந்திரம் எங்கே? ஸ்டேடியத்தில் இருக்கும் நிஜ போர்டு கேமரா தன் பக்கம் திரும்பும்வரை காத்திருக்கிறது. 0.4 வாங்கிய போர்டு கேமராவைத் தன் பக்கம் இழுக்கிறது. இதில் மோசம் என்னவென்றால், பார்ப்பவனுக்கு இது தெரியவே தெரியாது. கால் மறைந்தது தற்செயல் என்றுதான் நினைப்பான். எங்கள் ஜூனியர் கேட்டான், ஏனென்றால் அது அவன் கால். மற்றவர்கள் போர்டைப் பார்த்துச் சிரித்தோம்.

இரண்டு, இடம். கால்பந்து விதிகளின் முதல் விதியிலேயே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது ஆடுகளத்தின்மேல், வலைக்குள் இருக்கும் தரையில், எல்லைக்கோட்டிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கும் தரையில் வியாபார விளம்பரம் கூடாது, நிஜமானாலும் விர்ச்சுவலானாலும் கூடாது என்கிறது. விர்ச்சுவல் என்ற சொல்லையே சேர்த்து எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் அவர்கள் மனதில் இருந்தது தரையும் வலையும் கம்பமும். முப்பரிமாண உலகத்தில் விளம்பரத்துக்குத் தரை எதற்கு? ஃப்ரீ கிக் பறக்கும் பாதைக்குப் பக்கத்தில் காற்றில் தொங்கலாம். ரீப்ளேயில் ஆட்டத்தைக் கணத்தில் உறையவைத்துச் சுற்றிவரும்போது, இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் முளைக்கலாம். எல்லா விளையாட்டுக்கும் இப்படி எழுதப்பட்ட விதி இருக்கிறது என்றும் நம்பிவிடாதீர்கள். ஆட்டத்தின் வெற்றிடம் வெறும் இடம் இல்லை. இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவில் இருந்த அந்த இடைவெளிதான் ஆட்டமே. அதை வாடகைக்கு விட்டால் ரீப்ளே எதைத்தான் காட்டும்?

மூன்று, சாட்சி. எனக்கு ரொம்பப் பயம் தருவது இதுதான். ஜெர்மனியின் புண்டஸ்லிகா ஆட்டங்களில் 2018லிருந்தே ஒரே பலகை ஒரு நாட்டு ஒளிபரப்பில் ஒரு விளம்பரமும் இன்னொரு நாட்டு ஒளிபரப்பில் வேறொன்றும் காட்டத் தொடங்கிவிட்டது. அது நாட்டுக்கு ஒரு படம். ஃப்ரீ வியூபாயிண்ட் உங்கள் போனிலேயே வரையப்படும்போது ஆளுக்கு ஒரு படம் ஆகிவிடும். நான் எந்தக் கோணத்தில் சுற்றினேன், எதன் பக்கம் எத்தனை வினாடி நின்றேன் என்ற கணக்கும் சேர்த்து எங்கோ போகும்.

நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். சாராயக் கம்பெனி சோடா விற்கிறது, புகையிலைக் கம்பெனி ஏலக்காய் விற்கிறது. இந்தப் பினாமி விளம்பரங்கள் ஐபிஎல் நேரத்தில் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. படுவதால்தான் 2025 மார்ச்சில் மத்திய சுகாதாரத் துறையிலிருந்து ஐபிஎல் தலைவருக்கு, இவற்றை நிறுத்துங்கள் என்று கடிதம் போனது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டதும், இந்திய அணியின் சட்டையிலிருந்து ஒரு பெயர் காணாமல் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். 'எல்லோரும் பார்த்தோம்' என்பதுதான் இங்கே பலம். ஒரே சோபாவில் உட்கார்ந்து அப்பா போனில் சிமெண்ட் விளம்பரமும் பதினைந்து வயதுப் பையன் போனில் சூதாட்ட விளம்பரமும் தெரிந்தால், யார் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? நாளைக்கு எடுத்துக் காட்ட அங்கே எதுவுமே இருக்காது. ஸ்டேடியத்தில் அப்படி ஒரு போர்டு இருந்ததே இல்லை என்பார்கள். அது உண்மையும்கூட!

இனி அனானிகள் கேட்கப்போவதை நானே கேட்டுக்கொள்கிறேன்.

"அமெரிக்கக் கால்பந்தில் மஞ்சள் கோடு போடுகிறார்களே, அதுவும் பொய்தானே?" 1998லிருந்து வரும் அந்தக் கோடு மைதானத்தில் இல்லைதான். ஆனால் அது எதற்கு இருக்கிறது? முதல் டவுனுக்கு எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று பார்ப்பவனுக்குச் சொல்ல. ஆட்டத்தில் ஏற்கனவே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு உண்மையைத் தெரியவைக்கிறது. டீக்கடை போர்டு தெரிந்துகொண்டிருந்த ஒரு உண்மையை மறைத்தது. வரைவது தப்பில்லை, யாருக்காக வரைகிறோம் என்பதுதான் கேள்வி.

"விளம்பரம் இல்லாவிட்டால் இத்தனை கேமராவுக்கு உங்க தாத்தாவா காசு கொடுப்பார்?" நியாயம். கொடுக்க மாட்டார். நிஜ போர்டு இருக்கும் இடத்தில் விர்ச்சுவல் போர்டு வையுங்கள். ஓவருக்கு நடுவில் வையுங்கள். ரீப்ளேயின் தொடக்கத்தில் 'வழங்குபவர்' என்று போட்டுக்கொள்ளுங்கள். பணம் வரட்டும். ஆனால் இந்தக் கருவிக்குப் பணம் வருவதே, அது உண்மையைக் காட்டுகிறது என்று நாம் நம்புவதால்தான். அந்த நம்பிக்கையை விற்றுக் கேமரா வாங்குவது விதைநெல்லைப் பொங்கித் தின்பது மாதிரி.

"சும்மா பயமுறுத்தாதே, பெரிய நிறுவனங்கள் அப்படிச் செய்யாது." செய்திருக்கிறார்கள் சார். 1999ன் கடைசி நாட்களில், நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்திலிருந்து நேரலை செய்த சிபிஎஸ் செய்தியில், பின்னணியில் இருந்த போட்டி நிறுவனமான என்பிசியின் திரையையும் ஒரு பீர் விளம்பரத்தையும் மறைத்து, தங்கள் சொந்த லோகோவைக் கம்ப்யூட்டரால் ஒட்டினார்கள். விளையாட்டு விளம்பரத்துக்காக உருவான அதே தொழில்நுட்பம்தான். ஆட்டம்கூட இல்லை, செய்தி! 2000 ஜனவரியில் பத்திரிகையில் வெளியானபிறகு, அதில் இருந்த தர்மச் சிக்கலைத் தான் உணரவில்லை, அது தன் தவறுதான் என்று செய்தியாளர் டேன் ராதரே ஒப்புக்கொண்டார். அவருக்காவது ஒப்பிட்டுக் காட்ட நிஜமான சதுக்கம் ஒன்று வெளியே இருந்தது. ஃப்ரீ வியூபாயிண்டில் அந்தக் கோணத்தில் கேமராவே நிற்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அசல் படம் என்று ஒன்று கிடையாது. அதனால்தான் இங்கே விதி இன்னும் கடுமையாக வேண்டும் என்கிறேன்.

என்ன விதி? பெரிதாக ஒன்றும் இல்லை. கோணம் தேர்ந்தெடுக்கும் கணக்கில் விளம்பரத்துக்குப் பூஜ்ஜியம், அதை வெளியாட்கள் சோதிக்க வழி. ஆடுகளத்துக்குள்ளும், தரையிலும் காற்றிலும், விளம்பரம் கூடாது. நடுவரின் தீர்ப்பைக் காட்டும் ரீப்ளேயில் விளம்பரமே கூடாது. படத்தில் சேர்த்தது எது என்று தெரிய ஒரு சின்னக் குறி, அதை அணைக்க ஒரு பட்டன். யாருக்கு எந்த விளம்பரம் காட்டினார்கள் என்ற பதிவு, கேட்டால் எடுத்துக் கொடுக்கும்படி. இவற்றில் எதுவுமே தொழில்நுட்பத்தில் கஷ்டம் இல்லை. எட்டுப் போன் வைத்த எங்களாலேயே முடியும்.

இதைப் படிக்கும் வகுப்புத் தோழர்களே, உங்களில் சிலர் அடுத்த மாதம் இந்த மாதிரிக் கம்பெனிகளில் சேரப் போகிறீர்கள். உங்களிடம் யாரும் வந்து "பொய் சொல்லு" என்று கேட்க மாட்டார்கள். "அந்தக் கணக்கில் ஒரு வரி சேர்த்துடு" என்றுதான் கேட்பார்கள். எவ்வளவு எடை என்று நீங்களேதான் தட்டுவீர்கள்.

எங்கள் ப்ராஜெக்டில் அந்த வரியை எடுத்துவிட்டேன். டீமில் ஒருவனுக்கு என்மேல் வருத்தம். மார்க் வந்தாச்சு, இப்போது எதற்கு இந்த வேலை என்கிறான். அந்த ரீப்ளேயை, போர்டு இல்லாமல், ஜூனியருக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் வந்தது. பதில் இல்லை.

திட்ட விரும்புபவர்கள் பின்னூட்டத்தில் திட்டலாம். பரோட்டா பற்றி மட்டும் வேண்டாம்.

பி.கு: டீக்கடை அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "என் போர்டால ஒரு பையன் பாயிண்டு போச்சா? அவன வரச்சொல்லு, ஒரு டீ குடுப்போம்" என்றார். விளம்பரதாரர்கள் எல்லோரும் இவர் மாதிரி இருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.